கல்லொட்டியின் வாய்

செங்கல் ஊர் சிவதாணு பிள்ளைக்கு அருவருப்பு தராத பொருள் எது என்று கேட்டால், ஊர்க்காரர்கள் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்வார்கள். வெந்நீர், திருநீறு, சர்க்கார் காகிதம். இந்த மூன்றுக்கு மேல் நாலாவது ஒன்றைச் சொன்னவர் கிடையாது. நெய்யாற்றின்கரைக் கச்சேரியில் அவர் குமாஸ்தா. போகிற வழியில் மீன்கூடையோடு யாராவது எதிரே வந்தால், வரப்பில் இறங்கி வயலைச் சுற்றிக்கொண்டு போவார். அதனால் தாமதமாகி மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. கல்யாண வீட்டில் சாப்பிடமாட்டார், பரிமாறுகிறவனுடைய வியர்வை இலையில் விழுமாம். துக்க வீட்டில் முற்றத்தைத் தாண்டமாட்டார். தும்மினவன் தொட்டுவிட்டான் என்று ஒரு பேனாவை ஒரு வாரம் வெயிலில் காயப்போட்ட மனிதர். இதற்கெல்லாம் அவர் வைத்திருந்த பெயர் சுத்தம்.

அவரோடு இருபது வருஷம் குப்பைகொட்டியவள் உமையம்மாள். காட்டாக்கடைப் பெண். பிள்ளைகள் இல்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு வைசூரி போட்டபோது, சிவதாணு பிள்ளை அன்றைக்கே துணிமணிகளைச் சுருட்டிக்கொண்டு கச்சேரிச் சிநேகிதர் வீட்டு வெளியறைக்குக் குடிபோய்விட்டார். ஏற்கெனவே வைசூரி வந்து பிழைத்த சரோஜம் என்ற வேலைக்காரிதான் கூட இருந்து வேப்பிலை வீசினாள். இவர் தினமும் காலையில் வருவார். முற்றத்துக் கோடியில் பலாமரத்தடியில் நின்று, "இப்போ எப்படி உண்டு?" என்று கேட்பார். சரோஜம் ஏதாவது சொல்வாள். போய்விடுவார். இருபத்தெட்டு நாள் ஒருநாள் தவறாமல் வந்தார் என்பதைப் பின்னால் அவர் பெருமையாகவே சொல்லிக்கொண்டார்.

உமையம்மாள் முகமெல்லாம் தழும்போடு பிழைத்து எழுந்தாள். அவர் ஒரு சுடுசொல் சொன்னதில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவள் கையிலிருந்து எதையும் நேராக வாங்குவதை விட்டுவிட்டார். காப்பியானாலும் வெற்றிலையானாலும் அவள் கீழே வைக்க வேண்டும், அவர் எடுத்துக்கொள்வார். அவர் கொடுப்பதும் அப்படித்தான். ஒன்பது வருஷத்தில் அது அந்த வீட்டுப் பழக்கமாகிவிட்டது. அதைப்பற்றி அவளும் வாய் திறந்ததில்லை.

பெருவெள்ளம் வந்த கொல்லம் ஆயிரத்துத் தொண்ணூற்றொன்பதுக்கு மறு வருஷம் ஆவணியில் அந்தக் கண்ணாடித் தொட்டி வந்து சேர்ந்தது. உமையம்மாளின் அண்ணன் கைலாசநாதன், காட்டிலாகாவில் ஒரு துரையிடம் எழுத்துவேலை பார்த்தவர். துரை சீமைக்குக் கப்பலேறும்போது தொட்டியை அவர் தலையில் கட்டிவிட்டுப் போனார், அண்ணன் தங்கை வீட்டில் கொண்டுவந்து இறக்கினார். இரும்புச் சட்டத்தில் கண்ணாடி பதித்து ஓரமெல்லாம் தார் பூசியிருந்தது. கூடவே ஒரு சாக்கு ஆற்றுமணல், நாடாபோல் நீளும் நீர்ச்செடி ஒரு கட்டு, மண்குடத்தில் மூன்று பொன்மீன்.

சைவ வீட்டு வாசலில் மீன் வந்து இறங்கினால் சிவதாணு பிள்ளை சும்மா இருப்பாரா? வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டார். அப்போது உமையம்மாள், இருபது வருஷத்தில் நான் எதுவும் கேட்டதில்லை, இதைக் கேட்கிறேன் என்றாள். மைத்துனர் பக்கத்தில் நிற்கிறார், வண்டிக்காரன் பார்த்துக்கொண்டிருக்கிறான். பிள்ளைக்கு வேறு வழி இல்லை. கச்சேரி பாணியில் நிபந்தனை போட்டார். அடுக்களைக்கும் பூசையறைக்கும் எட்டாத கிழக்கறையில்தான் வைக்க வேண்டும். வாடை வெளியே போகும்படி ஜன்னலை ஒட்டி வைக்க வேண்டும். தொட்டால் தலைக்குக் குளிக்க வேண்டும். தன்னை எட்டிப் பார்க்கக்கூடக் கூப்பிடக்கூடாது. அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

மணலில் செடியை நட்டாள். அது வேர்பிடித்து நீண்டது. மீன்கள் அதற்குள் நுழைந்து நுழைந்து வெளியே வந்தன. அடுக்களை வேலை முடிந்ததும் அவள் போய் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். ஒருநாள் அவள் சிரிப்பது அவர் காதில் விழுந்தது. அந்தச் சத்தம் கேட்டு வருஷங்கள் ஆகிவிட்டன என்று அவருக்குத் தோன்றியது, ஆனாலும் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் அந்த அறையைக் கடந்து போனார்.

கிழக்கு ஜன்னல் என்றால் காலை வெயில் நேராகத் தொட்டியில் விழும். ஒரு மாதத்தில் கண்ணாடி பச்சையாகப் படிந்தது. அடுத்த மாதம் செடியின் இலைகள்மேல் பாசி வழவழவென்று ஏறியது, பிறகு மயிர்போலத் தொங்கியது. தண்ணீர் குட்டைநாற்றம் நாறியது. தொட்டியை உள்பக்கமாகத் தள்ளிவைத்தால் சரியாகும் என்று உமையம்மாள் சொல்லிப் பார்த்தாள். வாடை வீட்டுக்குள் வருமே என்று அவர் ஒரே பிடியாக நின்றார். எச்சிலும் சளியும் சேர்ந்தாற்போல இருக்கிற அந்தப் பச்சையை வாசலில் நின்று ஒருமுறை பார்த்துவிட்டு, அன்று ராத்திரிச் சாப்பாட்டை வேண்டாம் என்றார். வந்த வினை தன்னாலே போய்விடும் என்று உள்ளுக்குள் சந்தோஷமும் இருந்தது.

நெய்யாற்றில் மூங்கில் கூடு வைத்து மீன்பிடித்து, பாறசாலைச் சந்தையில் விற்கிறவன் எலியா. ஒருநாள் வாசல் படிப்புரையில் நின்று உமையம்மாள் அவனிடம் யோசனை கேட்டாள். கல்லில் ஒட்டிக்கொண்டு பாசியை நக்கித் தின்கிற மீன் ஒன்று உண்டு, அதை விட்டால் கண்ணாடி தெளியும் என்று அவன் சொன்னான். உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை வெளியே வந்துவிட்டார். வேறு ஒன்றும் தின்னாதா, புழு பூச்சி தின்னாதா, செத்ததைத் தின்னாதா என்று சாட்சி விசாரிப்பதுபோல் விசாரித்தார். பாசிதான் அதற்குச் சோறு என்றான் எலியா.

"அப்போ அது சைவமாக்கும்," என்று பிள்ளை தீர்ப்புச் சொன்னார். உமையம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுக்களைக்குள் போனாள்.

மறுவாரம் எலியா ஒரு சட்டியில் இரண்டு தினுசு மீன் கொண்டுவந்தான். பிள்ளை ஐந்து முழம் தள்ளி நின்று, தோளில் கிடந்த நேரியலால் மூக்கை மூடிக்கொண்டார். முதல் மீன் கரும்பச்சை, தடித்த உடம்பு, தட்டை வயிறு. அதுதான் கல்லொட்டி. எலியா அதைத் திருப்பிக் காட்டினான். வாய் இருக்க வேண்டிய இடத்தில் வாய் இல்லை. தலைக்கு அடியில் இருந்தது. மடிந்து தடித்த உதடு, அதற்குப் பின்னால் வட்டமாக ஒரு சதைத் தட்டு. ஆறிவரும் புண்மாதிரி அது சுருங்கி விரிந்தது. பிள்ளை சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இரண்டாவது மீன் விரல்நீளம். மஞ்சள் உடம்பில் பழுப்பு வரிகள், கூர்மையான சிறிய முகம், நாலைந்து மீசை. பார்க்க மரியாதையாக இருந்தது. அதையே விடச் சொன்னார்.

"பிள்ளைவாள், அது அயிரையாக்கும். புழுதான் திங்கும், பாசியைத் தொடாது. தப்பி இதுக்குள்ள விழுந்து போச்சு," என்றான் எலியா.

விலைபோகாத முள்மீனான கல்லொட்டியைத் தன் தலையில் கட்டப் பார்க்கிறான் என்று பிள்ளைக்குச் சந்தேகம். கல்லொட்டிதான் வேண்டும் என்று உமையம்மாளும் கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னாள். அந்த வாய் என் வீட்டுக்குள் வராது என்று அவர் முடித்துவிட்டார். இருபது வருஷமாக அந்த வீட்டில் அவர் முடித்ததுதான் முடிவு.

அயிரை எலியா சொன்ன மாதிரியேதான் நடந்துகொண்டது. பகலெல்லாம் கல்லுக்கடியில் பதுங்கிக் கிடந்தது. பாசியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ராத்திரியில் அது வெளியே வந்து கடித்ததில் பொன்மீன்களின் வால் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது. செடி பாசிக்கடியில் மூச்சடைத்து அழுகியது. பதினைந்தாம் நாள் ஒரு பொன்மீன் வயிறு மேலாக மிதந்தது. உமையம்மாள் அதை எடுத்துப் பூவரசு மரத்தடி மூட்டில் புதைத்துவிட்டு வந்து அழுதாள். பிள்ளைக்கு ஒரே எரிச்சல். பிணம் மிதந்த தண்ணீர் வீட்டுக்குள் இருக்கிறதே என்ற நினைப்பிலேயே அவருக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் உமையம்மாள் மகேசுவரம் கோயிலுக்குப் போயிருந்த நேரம், தேங்காய் வெட்ட வந்த இரண்டு ஆட்களைக் கூப்பிட்டுத் தொட்டியைத் தூக்கச் சொன்னார். தென்னை மூட்டில் கவிழ்த்தார்கள். பாசியும் மணலும் மீனும் ஒன்றாகச் சரிந்து விழுந்தன. அயிரை துள்ளித் துள்ளிப் பக்கத்து ஓடைக்குள் போய்விட்டது. பொன்மீன்கள் இரண்டும் சேற்றில் வாயைப் பிளந்து பிளந்து மூடின. கோயில் பிரசாதத்தோடு உள்ளே வந்த உமையம்மாள் அதைப் பார்த்தாள். கையிலிருந்ததைப் போட்டுவிட்டு, பூசையறையில் நிறைத்து வைத்திருந்த செம்பைத் தூக்கிக்கொண்டு ஓடி, இரண்டையும் அள்ளிப் போட்டாள்.

"ஐயோ, பூசைச் செம்பு போச்சே," என்றார் சிவதாணு பிள்ளை. அந்த நேரத்தில் அவர் வாயிலிருந்து வந்தது அதுதான்.

அவள் அந்த ஆட்களை விட்டே தொட்டியைத் திரும்பக் கொண்டு வைக்கச் சொன்னாள். மணலைக் கழுவிப் போட்டாள், உயிர் மிச்சமிருந்த நாலு செடியை நட்டாள், கிணற்றுநீர் விட்டு, மீனை உள்ளே விட்டாள். தலைக்குக் குளித்தாள். ஈரத்தலையோடு துணிப்பொதியைக் கட்டி எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"எனக்கு அண்ணன் வீடு உண்டு. இந்தக் கண்ணாடி தெளிஞ்சு, வாசப்படியில நின்னா அந்த ரெண்டு மீனும் உசிரோட எனக்க கண்ணுக்குத் தெரியணும். அப்போ ஆளனுப்புங்க, வாறேன். தெரியாட்டா ஆளனுப்பாண்டாம்."

நாலு நாளில் வந்துவிடுவாள் என்று நினைத்தார். எட்டாம் நாளும் வராதபோது, அவள் வரவே மாட்டாள் என்று தெரிந்தது. சரோஜம் கஞ்சி வைத்துக் கொடுத்தாள், மீன் தொட்டியை மட்டும் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அம்மா சொல்லிவிட்டுப் போனது உங்களிடம்தான் என்றாள். கண்ணாடியில் அதற்குள் பச்சை மறுபடியும் ஏறத் தொடங்கியிருந்தது.

பிள்ளை தேங்காய்நாரைக் கம்பில் கட்டிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு தேய்த்துப் பார்த்தார். பாசி பிய்ந்து தண்ணீரெல்லாம் சேறாகக் கலங்கியது, மூன்றாம் நாள் முன்னைவிட அடர்த்தியாகப் படிந்தது. எலுமிச்சை பிழிந்து பார்க்கலாமா என்று நினைத்தார், மீன் செத்துவிடுமோ என்று பயந்து அதை விட்டுவிட்டார். ஜன்னலைச் சாத்தினார். வெயில் நின்றதும் பச்சை ஏறுவது கொஞ்சம் மட்டுப்பட்டது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தொட்டியை அந்த இடத்தில் வைக்கச் சொன்னது அவர். வாடைக்குப் பயந்து வெயிலைக் கூப்பிட்டு உள்ளே விட்டதும் அவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆற்றங்கரைக்குப் போய் எலியாவைப் பிடித்தார். எலியா இடுப்பளவு தண்ணீரில் நின்று கூட்டைத் தூக்கிக்கொண்டிருந்தான். கல்லொட்டி இரண்டு வேண்டும், கண்ணாடி தெளிய வேண்டும், வீட்டில் ஆள் இல்லை என்று பிள்ளை கரையிலிருந்தே விஷயத்தைச் சொன்னார். அவன் சிரிக்கவில்லை. தப்பிதமாகத் தூக்கிக்கொண்டு போனால் நான் பொறுப்பில்லை, நீங்களே பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று கூட்டைக் கரையில் கவிழ்த்தான். சின்னச் சின்ன மீன்கள் ஐம்பது அறுபது துள்ளின. வெயிலில் பளபளத்து, ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி, பார்க்கப் பார்க்க உடம்பு கூசியது.

"கையில எடுத்துத் திருப்பிப் பாரும். வாய் அடியில இருந்தா மட்டும் போராது. உதட்டுக்குப் பிறவு ஒரு தட்டு உண்டு, அதைப் பாக்கணும். மீசை குட்டையாட்டு இருக்கும். வயிறு பலகைபோல. அயிரைக்கு அந்தத் தட்டு கிடையாது. நம்பிக்கை இல்லேன்னா சட்டிக்குள்ள உட்பக்கத்துல விடும். ஒட்டிப்பிடிச்சு நின்னா கல்லொட்டி," என்றான் எலியா.

சிவதாணு பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினார். ஏதோ ஒன்று உள்ளங்கையில் நெளிந்தது. குளிர்ச்சியாக, வழவழவென்று, எலும்பே இல்லாததுபோல். கண்ணைத் திறந்து, திருப்பி, அந்த வாயைப் பார்த்தார். அது அவருடைய பெருவிரலில் ஒட்டி ஒரு இழுப்பு இழுத்தது. மீனைச் சட்டியில் போட்டுவிட்டு, ஓரமாக உட்கார்ந்து காலைப் பலகாரம் முழுவதையும் ஆற்றுக்குக் கொடுத்தார். வாயைக் கொப்பளித்துக்கொண்டு வந்து இரண்டாவதைத் தேட உட்கார்ந்தார். தவறாக எடுத்தது ஏழு, சரியாக எடுத்தது ஒன்று.

வீட்டில் கொண்டுவந்து விட்ட மறுநாளே இரண்டும் கண்ணாடியில் ஏறி ஒட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கிவிட்டன. வெளியே நின்று பார்த்தால் அந்த வாய் கண்ணாடியில் அமுங்கி, பல்போன கிழவர் பழம் தின்பதுபோல் அசைவது தெரியும். அவை போன வழியெல்லாம் பட்டையாகக் கண்ணாடி தெளிந்தது. பிள்ளைக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் எவ்வளவு தெளிந்திருக்கிறது என்று பார்க்காமலும் இருக்க முடியவில்லை. கச்சேரியிலிருந்து வந்ததும் கால்கூடக் கழுவாமல் நேரே கிழக்கறைக்குப் போனார். இதைச் சரோஜம் கவனித்தாள்.

அந்த மீனுக்குச் சுவரேறும் குணம் உண்டு என்பதை எலியா சொல்லவில்லை. ஒருநாள் காலையில் பிள்ளை வாசலில் கிடந்த செருப்பில் காலை நுழைத்தார். உள்ளே குளுகுளுவென்று ஏதோ நெளிந்தது. அலறிக்கொண்டு காலை எடுத்தார். கல்லொட்டி ஒன்று, மேலெல்லாம் மண் அப்பி, செவுளை அசைத்துக்கொண்டு கிடந்தது. கூப்பிடச் சரோஜமும் வந்திருக்கவில்லை. அது செத்தால் கண்ணாடி தெளிவது நின்றுவிடும், அது நின்றால் ஆளனுப்ப முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு அதை வெறுங்கையால் பொறுக்கி எடுத்து, அறைக்கு ஓடினார். அன்றைக்கே ஓலைத் தட்டி ஒன்று முடைந்து தொட்டியை மூடினார். கையை ஆறு தடவை கழுவினார். நாற்றம் போகவில்லை, கச்சேரிக் காகிதத்தில்கூட வந்தது.

மூன்று வாரத்தில் கண்ணாடி கிணற்றுநீர் மாதிரி தெளிந்தது. செடிகள் புது இலை விட்டன. ஆளனுப்ப வேண்டிய நாளைக் குறித்துக்கொண்டிருந்தபோதுதான் அதைப் பார்த்தார். கல்லொட்டி ஒன்று பொன்மீனின் விலாவில் ஒட்டிக்கொண்டிருந்தது. பொன்மீன் உதறிக்கொண்டு ஓடுகிறது, இது விடாமல் உறிஞ்சுகிறது. விட்ட இடத்தில் செதில் போய் வெள்ளையாக இருந்தது. உயிரோடு இருக்கிறதன்மேல் வாயை வைத்துச் சளியை உறிஞ்சுகிற காட்சி. பிள்ளை முற்றத்தில் இறங்கி வாந்தியெடுத்தார். சைவம் என்று தீர்ப்புச் சொன்ன தன் வாயை நினைத்துத் தன்மேலேயே அவருக்கு வெறுப்பாக இருந்தது.

எலியாவிடம் போய்க் கத்தினார். எலியா நிதானமாகக் கேட்டான், தொட்டியில் பாசி மிச்சம் உண்டா என்று. இல்லை என்றார். தின்ன எதுவும் போட்டீர்களா என்றான். போடவில்லை. பசித்தால் பின்னே அது என்னத்தைத் தின்னும் என்று கேட்டுவிட்டு அவன் வேலையைப் பார்க்கப் போனான். பிள்ளை ஆற்றில் இறங்கி நாலைந்து கல்லைப் பொறுக்கிக்கொண்டு வீடு திரும்பினார்.

அதற்குப் பிறகு செங்கல்காரர்கள் பார்த்த சிவதாணு பிள்ளை வேறு. முற்றத்தில் நல்ல வெயில் விழும் இடத்தில், பலாமரத்தின் நிழலுக்கு அப்பால், நாலு மண்சட்டியில் தண்ணீர் நிறைத்து ஆற்றுக்கல் போட்டு வைத்திருந்தார். கல்லில் பாசி ஏற வேண்டும் என்று காத்திருந்தார். ஏறாத பக்கத்தைக் கையால் திருப்பி வைத்தார். நன்றாகப் பச்சை பிடித்த கல்லைத் தொட்டியில் இறக்கி, நக்கி வெளுத்த கல்லை எடுத்து மறுபடி சட்டியில் போட்டார். இடையிலே வேகவைத்த வெள்ளரித்துண்டும் கொடுத்துப் பார்த்தார், தின்றன. தும்மினவன் பேனாவைக் காயப்போட்ட மனிதர் சளிபோன்ற பாசியைப் பிள்ளைபோல் வளர்த்துக்கொண்டிருந்தார். பழகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு கல்லையும் தொடும்போது அவருக்குக் குமட்டத்தான் செய்தது. பொன்மீனின் விலாவில் செதில் திரும்ப ஏறியது. அதைப் பார்த்துவிட்டுத்தான் காட்டாக்கடைக்கு ஆளனுப்பினார்.

தை பிறந்து நாலாம் நாள் வண்டி வந்து நின்றது. கைலாசநாதன் வண்டியிலேயே இருந்துகொண்டார். உமையம்மாள் மட்டும் இறங்கி, நேரே கிழக்கறை வாசப்படியில் போய் நின்றாள். தொட்டி ஜன்னலைவிட்டு உள்பக்கமாக, சுவரோரம் இருந்தது. கண்ணாடி இருப்பதே தெரியவில்லை. நாடா இலைகளுக்கு நடுவே இரண்டு பொன்மீனும் திரும்பித் திரும்பி நீந்தின. ஒன்றின் வால் பாதி வளர்ந்திருந்தது. அடியில் பச்சைக் கல்லில் இரண்டு கல்லொட்டி. கொஞ்சநேரம் பார்த்துவிட்டு முற்றத்துக்கு வந்தாள்.

அவர் சட்டியின் முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டதும் ஒரு கல்லும் கையுமாக எழுந்தார். முழங்கைவரை பச்சை வழிந்தது. கையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, கை கழுவிவிட்டு வருகிறேன் என்று கிணற்றுப் பக்கம் திரும்பினார்.

"எனக்கு வைசூரி போட்டப்போ, இந்தப் பிலா மூட்டில நின்னு இருபத்தெட்டு நாளும் கேட்டீங்க, எப்படி உண்டுன்னு," என்றாள் உமையம்மாள். "ஒரு நாளாவது நான் பதில் சொன்னேனா?"

அவர் நின்றார். யோசித்துப் பார்த்தார். பதில் சொன்னதெல்லாம் சரோஜம்தான். இல்லை என்றார்.

"கிட்ட வந்து கேட்டா சொல்லலாம்னு இருந்தேனாக்கும்."

அந்தக் கல்லுக்காக அவள் கையை நீட்டினாள். அவர் பழக்கத்தில் குனிந்தார், கீழே வைப்பதற்காக. பாதிக் குனிவில் நின்றார். பிறகு நிமிர்ந்து கல்லை அவள் உள்ளங்கையில் வைத்தார். அவள் கையும் அவர் கையும் அதைச் சேர்த்துப் பிடித்திருந்தன. நடுவில் பாசி பிதுங்கி இருவருடைய விரல்களுக்கிடையிலும் வழிந்தது.

"நாறுது," என்றாள் அவள்.

அவருக்கும் குமட்டிக்கொண்டு வந்தது. கையை எடுக்கவில்லை.